பெரிய வயலின்காரரின் முறை

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருடைய குப்பத்தில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பெரிய வயலின்காரர் என்றால் ஒருவர்தான். அது வயலின் இல்லை, டபுள் பேஸ் என்று நான் எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். "வயலின் மாதிரி கீது, பெருசா கீது. அப்போ பெரிய வயலின்தானே?" என்று மீன் ஏலம் போடும் அக்கா கேட்டார். அன்றோடு விளக்குவதை விட்டுவிட்டேன்.

பழவேற்காடு ஏரிக்குள், பசியாவரத்துப் பக்கமாக இருக்கும் ஒரு தீவுக் குப்பம் அவருடையது. கரையில் ஏலக் கொட்டகை, கொட்டகைத் தூணில் ஒரு கரும்பலகை. பலகையின் மேல் பாதியில் ஏரி முறை எழுதியிருக்கும். இன்றைக்கு எந்த வலைக்காரர்களுக்கு எந்த இடம் என்ற விவரம் அது. ஏரியில் எல்லா இடமும் ஒன்றில்லை. கடல் தண்ணீர் உள்ளே ஏறும் முகத்துவாரத்தில் இறால் அள்ளலாம். மேற்கே சேற்று ஓரத்தில் நாள் முழுக்க நின்றாலும் வீட்டுக் குழம்புக்குத்தான் தேறும். அதனால் சீட்டுக் குலுக்கி வரிசை போட்டு, எல்லா வலைகளும் எல்லா இடத்துக்கும் மாறி மாறிப் போகும்படி வைத்திருக்கிறார்கள். முகத்துவாரம் ஒரு வலைக்குக் கிடைத்துவிட்டால் அடுத்து கிடைக்க வெகு காலம் ஆகும்.

பலகையின் கீழ்ப் பாதி அவருடையது. அங்கே தன் கச்சேரிகளைச் சாக்பீஸால் எழுதி வைப்பார். "சனி, சென்னை ஹோட்டல், ஜாஸ். ஞாயிறு, கங்கையம்மன் கோவில், பம்பையோடு. புதன், பொன்னேரி காலேஜ் நாடகம்." ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இருக்காது. வெளியூரிலிருந்து ஐஸ் கொண்டுவரும் வண்டிக்காரர்கூட அதைப் படித்துவிட்டு, "புதன்கிழமை இன்னா நாடகம்பா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்.

நான் அப்போது பொன்னேரியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தேன். டிரம்ஸும் வாசிப்பேன். இரண்டில் எதை உருப்படியாகச் செய்தேன் என்று கேட்காதீர்கள். என்னிடம் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று இருந்ததால் அவருக்கும் எனக்கும் சிநேகம் உண்டானது. அந்த வாத்தியம் ஆளைவிட உயரம். பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள், ஆட்டோவில் அடங்காது. நான் கரையில் வண்டியோடு நிற்பேன். அவர் தீவிலிருந்து படகில் வருவார். தார்ப்பாய் சுற்றிக் கயிறு கட்டி, படகின் நீளத்துக்கு அதைப் படுக்கவைத்திருப்பார். ஒருமுறை ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெரியவர் அந்தப் படகைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். யார் போய்விட்டார் என்று என்னிடம் மெதுவாக விசாரித்தார். இவர் படகிலிருந்து இறங்கி, "யாரும் போவலீங்க, நாங்கதான் கல்யாணத்துக்குப் போறோம்," என்று பணிவாகப் பதில் சொன்னார்.

அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதிலேயே அடங்கிவிடும். அவர் யாருடைய முறையிலும் குறுக்கே போகமாட்டார். டீக்கடையில் நமக்கு முன்னால் வந்தவர் போனில் பேசிக்கொண்டிருந்தால், அவர் பேசி முடித்து டீ கேட்கும்வரை இவர் கேட்கமாட்டார். "அண்ணா, அந்த ஆளு டீ குடிக்கவே வரல, வெயிலுக்கு ஒதுங்கி நிக்கிறாரு" என்பேன். "இருக்கட்டும்பா. கேட்டுக்கலாம்," என்று அந்த ஆளிடமே போய், "நீங்க சாப்புடறீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்துதான் தனக்குச் சொல்வார். பெட்ரோல் பங்கில், ரயில் டிக்கெட் கவுண்டரில், பொன்னேரி ஆஸ்பத்திரியில், எங்கே போனாலும் இதே கதை. அவரோடு போனால் எதற்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அவர்மேல் எனக்கு வந்த கோபம் வேறு யார்மேலும் வந்ததில்லை. பிரியமும் அதே அளவுதான், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வாத்தியம் எப்படி அவர் கைக்கு வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். இளம் வயதில் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனார். கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர்கள் சாப்பாட்டு அறையில் ஒரு பாண்டு வைத்திருந்தார்கள். கிட்டார், டிரம்ஸ், மைக் என்று எல்லாவற்றையும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டபின் மிச்சம் இருந்தது பேஸ். வரிசையில் கடைசியாக நின்றவர் இவர். "என் முறை வந்தப்போ அதுதான் இருந்துச்சு" என்பார். மற்றவர்கள் தங்கத்தோடு ஊர் திரும்பினார்கள். இவர் ஒரு பேஸ் கிட்டாரோடு வந்து இறங்கினார். பெரிய வாத்தியம் பிறகு சென்னையில் மூடிப்போன ஒரு ஹோட்டலிலிருந்து வாங்கியது.

ஜாஸில் ஆளுக்கு ஒரு சுற்று உண்டு. எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசித்த பிறகு சாக்ஸபோன்காரர் தனியாக வாசிப்பார், அப்புறம் கீபோர்டு, அப்புறம்தான் பேஸ். மற்றவர்கள் வாசிக்கும்போது பேஸ் அடிக்குரலில் தும், தும் என்று தாளத்தோடு நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை ஹோட்டலில் சாக்ஸபோன்காரர் தன் சுற்றை முடித்தார். அந்த நேரம் பார்த்து கீபோர்டின் ஒயர் கழன்றுவிட்டது. ஒயரை மாட்டியவன் நான்தான், அதை விடுங்கள். கீபோர்டுக்காரர் மேசைக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். சாக்ஸபோன்காரர் இவரைப் பார்த்து, நீ எடுத்துக்கொள் என்று தலையசைத்தார். இவர் எடுக்கவில்லை. மறுபடி தலையசைத்தார். இவர் கீபோர்டுக்காரரின் முதுகைப் பார்த்துக்கொண்டே பேஸை அதே நடையில் நடத்திக்கொண்டிருந்தார். நானும் என்ன செய்வதென்று தெரியாமல் தட்டுவதை நிறுத்திவிட்டேன். ஒரு சுற்று முழுக்க அந்த அறையில் தும், தும் என்று அது ஒன்றுதான் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

கச்சேரி முடிந்ததும் கோட்டு போட்ட ஒருவர் வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வெற்றிடத்தை எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டார்.

"அது அவரோட முறை சார்," என்றார் இவர், கீபோர்டைக் காட்டி.

கோட்டுக்காரர் அதை ஏதோ ஞானவாக்கு மாதிரி வாங்கிக்கொண்டு கண் கலங்கியபடி போனார். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சிரிப்பை அடக்கினேன்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிதாக்கக் கூடாது என்று மீனவர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தபோது இவரை வாசிக்கக் கூப்பிட்டார்கள். வந்தார், ஒரு நாள் முழுக்க வாசித்தார். அடுத்த வாரம் அதே துறைமுகத்தில் வேலை செய்யும் பையன்களின் கிரிக்கெட் பரிசளிப்பு. அதற்கும் போனார். குப்பத்தில் சத்தம் கிளம்பியது. "நீ யாரு பக்கம்னு சொல்லு" என்று ஒருவர் வழிமறித்தே கேட்டுவிட்டார். "பந்தல்ல வாசிச்சது என் பக்கம். பசங்க அதுக்கு முன்னாடியே கேட்டு வெச்சாங்க, மாட்டேன்னு எப்படிச் சொல்றது? அவனுங்களும் நம்ம வூட்டுப் பசங்கதானே," என்றார். கேட்டவரின் மகனும் அந்தக் கிரிக்கெட் அணியில் இருந்தான். அவர் வழியை விட்டு விலகிக்கொண்டார்.

இன்னொரு நாள் ஒரு சினிமாப் பின்னணி இசைக்கு அழைத்தார்கள். காலையில் போனவரை வரிசையில் உட்காரவைத்து, பொழுது சாயும்போது உள்ளே கூப்பிட்டு, ஒரே ஒரு சுரம் வாசிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். படத்தில் யாரோ ஒரு கதவைத் திறக்கும் இடமாம். நான் அவர் சார்பாகக் கொதித்துக்கொண்டு வண்டியை ஓட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். பொன்னேரி நெருங்கும்போது, "நல்ல சுரம்பா அது," என்றார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. பின்லாந்திலிருந்து ஒரு பியானோக்காரர் சென்னைக்கு வந்திருந்தார். சனிக்கிழமை ஹோட்டலில் சாப்பிட வந்தவர் எங்களைக் கேட்டுவிட்டு, மறுநாள் தேடிக்கொண்டு வந்தார். நம்மவர் ஒரு மெட்டு போட்டு வைத்திருந்தார். பேஸ் தனியாக ஆரம்பிக்கும். ஏரியில் வெள்ளம் ஏறுவதுபோல மெதுவாக, நமக்கே தெரியாமல் ஏறும். கால் நனைந்த பிறகுதான் தண்ணீர் வந்தது தெரியும் இல்லையா, அந்த மாதிரி. பியானோக்காரருக்கு அதுதான் பிடித்துப்போனது. சென்னையில் பெரிய அரங்கில் ஒரு கச்சேரி, அதில் இந்த மெட்டு. நன்றாக அமைந்தால் பேஸ் வாசிப்பவரைத் தன்னோடு வெளிநாட்டுக் கச்சேரிகளுக்கும் கூட்டிப்போவதாகச் சொன்னார். எனக்கும் அந்த ஒரு கச்சேரிக்கு டிரம்ஸ் கிடைத்தது. அண்ணன் பலகையில் எழுதினார். எழுதியபின் கொஞ்சம் தள்ளி நின்று அதைப் பார்த்தார். ஒரு கச்சேரியை எழுதிவிட்டு அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எத்தனை வருஷமாக அவர் இதற்காகக் காத்திருந்தார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டது. பொக்லைன் வைத்துத் தோண்டி வழி விடுவதற்குள் பல நாள் வீணாகிவிட்டது. ஏரி வரிசை முழுக்கத் தள்ளிப் போனது. தள்ளித் தள்ளி, இவர் வலைக்கு முகத்துவாரம் கிடைக்கும் நாள் கச்சேரி நாளிலேயே வந்து விழுந்தது. பலகையில் மேலும் கீழும் ஒரே தேதி.

நான் படகு பிடித்து ஓடினேன். அவர் கொட்டகையில் கழிகளைச் சீவிக்கொண்டிருந்தார். அவர்களுடையது சுத்துவலை. தண்ணீரில் கழிகளை நட்டு, சுற்றிவர வலையைக் கட்டி, நாலா பக்கமும் ஆள் நின்று ஒடுக்க வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் நடக்காது.

"மாத்தாள் போடுங்கண்ணா," என்றேன்.

"மச்சானுக்குக் கால்ல மாவுக்கட்டு. அவன் மாத்தாள் போட்டுட்டான். ஒரு வலைக்கு ஒரு மாத்தாள்தான்பா."

"அப்போ வேற வலைக்காரங்கள கேளுங்க. அன்னிக்கி அவங்க போகட்டும், இன்னொரு நாள் நீங்க போங்க."

"அவங்க நாளுக்கு அவங்க ஆள் சேத்துட்டாங்க. அதுல கை வெக்கச் சொல்றியா?"

"அப்போ கச்சேரி?"

"அதுக்கு மாத்தாள் போடலாமே," என்றார். சிக்கலுக்கு வழி கண்டுபிடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

நான் கத்தினேன். இது வலை இல்லை, இது திரும்ப வராது என்றெல்லாம் கத்தினேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். "இந்த வலைக்குப் பின்னாடி எத்தன வூட்டு அடுப்பு கீதுனு உனக்குத் தெரியும். நான் போலனா அங்க சத்தம் கொஞ்சம் மாறும். இங்க வலையே நிக்காது," என்றார். சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவருக்கு வருத்தம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

மாற்றாளாக அவர் சொன்னது நிவேதாவை. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, மாலைகளில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்த பெண். கெட்டிக்காரி, ஆனால் அப்போது யாருக்கும் தெரியாது. வாத்தியத்தை எடுத்துப்போகக் குப்பத்துக்கே வந்தாள். இவர் கொட்டகையில் மெட்டை வாசித்துக் காட்டினார், அவள் போனில் பதிவு செய்துகொண்டாள். அவள் படகில் ஏறும்போது வலைக்கு மூத்தவர் ஒருவர் அவளிடம், "உன் முறை வரும்போது அவரு வருவாரும்மா. அதான் எங்க ஏரி வழக்கம்," என்றார்.

"கண்டிப்பா வரட்டும் தாத்தா," என்றாள்.

ஏலம் போடும் அக்கா விடவில்லை. "முகத்துவாரத்துக்கு முகத்துவாரம்மா. சேத்த காட்டி ஏமாத்தக் கூடாது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என்ன புரிந்து சிரித்தாள் என்று நான் யோசித்தேன்.

வழக்கம் இதுதான். ஒருவர் இடத்துக்கு இன்னொருவர் மாற்றாளாகப் போனால், அன்றைய பங்கு முழுக்கப் போனவருக்கு. பிற்பாடு போனவர் தன் முறைகளில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். முகத்துவாரத்தை வாங்கிக்கொண்டு சேற்று ஓரத்தைத் திருப்பித் தரக்கூடாது. இன்னொன்று, கொடுத்தவர் வாய்விட்டுக் கேட்கக்கூடாது. கேட்டால் அத்தோடு தீர்ந்தது. ஏரிக்காரர்களுக்குள் இது சரி. சென்னைப் பெண்ணுக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கப்போகிறது?

கச்சேரி நடந்தது. நிவேதா சொதப்ப வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டேன், அவள் சொதப்பவில்லை. அந்த மெட்டை அவள் தொடங்கியபோது அரங்கம் அடங்கிப்போனது. அதே நேரம் அண்ணன் முகத்துவாரத்தில் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்திருப்பார். மறுநாள் வாத்தியத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"நல்லா வாசிச்சாளா?"

"வாசிச்சா."

"அப்போ சரி," என்றவர், ஒரு பை நிறைய இறாலை என் கையில் கொடுத்தார். கோபத்தோடு வாங்கிக்கொண்டேன். நல்ல பெரிய இறால். கோபத்தோடேயே சாப்பிட்டேன்.

பியானோக்காரர் சொன்னபடியே நிவேதாவைக் கூட்டிப்போனார். அவள் வேலையை விட்டாள், ஊர் ஊராகப் போனாள், நல்ல பெயர் எடுத்தாள். பேட்டிகளில் அந்த மெட்டு யாருடையது என்று சொல்லத் தவறவில்லை. அதுவரைக்கும் நல்லதுதான். ஆனால் முறை? சென்னையில் இருக்கும்போதெல்லாம் அவளுக்கு வாரத்துக்கு ஒரு கச்சேரியாவது இருந்தது. ஒரு ஹோட்டல் கச்சேரியைக்கூட இவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. ஒருநாள் பொறுக்காமல் அவளுக்குப் போன் போடப் போனேன். அண்ணன் போனை என் கையிலிருந்து வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கேட்டா தீந்துடும்பா. எங்க நைனா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"கேக்கலனாலும் தீந்துதாண்ணா போச்சு."

"வரும்," என்றார். அவ்வளவுதான் பேச்சு. அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. பம்பைக்காரரோடு இரண்டே பேராக ஒரு கச்சேரி போட்டார். ஒரு நடனக் குழுவுக்கு வாசித்தார். முறை வந்தபோது சேற்று ஓரத்துக்கும் போய்ச் சந்தோஷமாக நின்றார். எனக்குத்தான் வயிறு எரிந்துகொண்டிருந்தது.

பிறகு நான் ஓசூருக்கு வந்துவிட்டேன். மைத்துனன் இங்கே கல்யாண மண்டபங்களுக்கு ஒலி ஒளி போடுகிறான், அவனோடு சேர்ந்துகொண்டேன். டிரம்ஸை விட்டாயிற்று. மாதா மாதம் ஏலம் போடும் அக்கா கரும்பலகையைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புவார், கூடவே அன்றைய வஞ்சிர விலையும் வரும். அண்ணனின் அடுத்த கச்சேரிகளை நான் இப்படித்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் படத்தை மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

போன மழைக்கு அப்புறம் வந்த ஒரு படத்தில் கீழ்ப் பாதியில் வேறு கையெழுத்து இருந்தது. வட்ட வட்டமான எழுத்து. "சனி மாலை, சென்னை, பெரிய அரங்கம், பியானோக்காரரோடு. நிவேதாவின் முறை. போகிறவர், பெரிய வயலின்காரர்."

உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"அந்தப் பொண்ணு வந்துச்சு," என்றார். "தீவுக்குப் புதுசா போட்ட பாலத்து மேல காரை ஓட்டிகினு வந்துச்சு. யாரையும் ஒண்ணும் கேக்கல. மேல ஏரி முறைய படிச்சுது, அன்னிக்கு உங்க அண்ணன் வலைக்கு ஓய்வுனு பாத்துகிச்சு. சாக்பீஸ எடுத்து அதுவே எழுதிட்டு நின்னுச்சு."

"அவரு இன்னா சொன்னாரு?"

"கூடைய எறக்கிகினு இருந்தாரு. வந்து படிச்சாரு. சரின்னாரு. அப்பறம் படகு பின்னாடி போயி மூஞ்சி கழுவிகினு வந்தாரு."

ஓசூரிலிருந்து பஸ் ஏறினேன். அரங்கில் குப்பத்துக்காரர்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் வெள்ளைச் சட்டையில் இருந்தார், அக்கா பட்டுப் புடவையில் இருந்தார். எனக்குப் பக்கத்து இருக்கையில் நிவேதா. அவள் இடத்தில் அவர் மேடையில் இருப்பதால் அவள் கீழே இருந்தாள். என் வயிற்றெரிச்சல் அடங்குவதாக இல்லை.

"ஏம்மா, இத்தனை வருஷம் எடுத்துக்கிட்டே?" என்றேன்.

அவள் மேடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எத்தனையோ கச்சேரி வந்துச்சுண்ணா. ஒரு ஹோட்டல் கச்சேரிய குடுத்து முடிச்சிடலாம்னு ஒரு தடவை போனை கையில எடுத்தேன். ஆனா அது சேறுதானே? அவர் எனக்குக் குடுத்தது முகத்துவாரம். இந்தப் பியானோக்காரர் மறுபடி சென்னைக்கு வர்றவரைக்கும் என்கிட்ட முகத்துவாரம் இல்லண்ணா."

அன்று படகடியில் சிரித்தது என்ன புரிந்து என்று இப்போது தெரிந்தது. அக்கா வரிசையின் கோடியிலிருந்து எட்டி, எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

அண்ணன் வாத்தியத்தை அணைத்துக்கொண்டு தொடங்கினார். தண்ணீர் ஏறியது. இவரும் மற்றவர்களும் அந்த மெட்டைச் சுற்றிவந்து, கடைசியில் பேஸுக்கு ஒரு சுற்று வந்தது. வாசித்தார். சுற்று முடியும் இடத்தில் பியானோக்காரர் விரல்களைத் தூக்கித் தயாராக வைத்திருந்தார். அண்ணன் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு சுற்றுக்குள் போனார். அவரோடு இத்தனை வருஷம் வாசித்தவன் நான். அவர் தன் அளவைத் தாண்டிப் போய்ப் பார்த்தது அன்றைக்குத்தான். பியானோக்காரர் விரல்களை மெல்ல மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு மறுபக்கம் இருந்த மச்சான் என் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், எனக்கும் அந்தப் பிடி வேண்டியிருந்தது.

மறுநாள் காலை கும்மிடிப்பூண்டி ரயிலில் வியாபாரிகள் பெட்டியில் ஊருக்குத் திரும்பினோம். காலிக் கூடைகளோடு மீன்காரப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தார்ப்பாய் சுற்றிய வாத்தியம் படுத்திருந்தது. அண்ணன் ராத்திரியெல்லாம் எதையோ யோசித்தவர் மாதிரி இருந்தார்.

"நேத்து ஒரு சுத்து கூட போயிட்டேன்பா," என்றார். "அது பியானோக்காரரோடது."

"அவரு சிரிச்சாருண்ணா. கை தட்டினாரு."

"தட்டுவாரு. ஆனா சுத்து அவரோடதுதானே? திருப்பித் தரணும். அடுத்தவாட்டி நான் ஒரு சுத்து விட்டுட்டு அவர வாசிக்கச் சொல்லணும்."

"அடுத்தவாட்டினா?"

"அவரு வரும்போது. இல்லனா நாம போணும்," என்றார். வாத்தியத்தின் மேல் காலை நீட்டப் பார்த்த ஒரு பெண்ணிடம் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னார்.

அதாவது அந்தப் பியானோக்காரரோடு இன்னொரு முறை வாசிக்காமல் இனி தீராது. அவர் அந்தச் சுற்றைத் தெரியாமல் எடுத்தாரா, தெரிந்தே எடுத்தாரா என்று பொன்னேரி வரும்வரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.